சாவி எடுக்காத ஊர்

ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சாவியை எங்கே வைப்பீர்கள்? கதவோரத்து ஆணியிலா, டிவி மேலா, தலையணைக்கு அடியிலா?

எங்கே வைத்தாலும் சரி, நீங்கள் தென் ஆஸ்திரேலியாவின் வாரிட்டா ஊர்க்காரர் இல்லை. வாரிட்டாவில் சாவி வண்டியிலேயேதான் இருக்கும். சர்ச் வாசலோ, பப் வாசலோ, கால்பந்து மைதானமோ, நிறுத்தின இடத்தில் சாவி அதன் ஓட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்தவனுக்கு வழி மறைத்தால் அவனே ஏறி நகர்த்திக்கொள்வான். சாவியை உருவி எடுத்துக்கொண்டு போகிற ஆளை, நம்மை எல்லாம் திருடன் என்கிறானா என்பதுபோல் பார்ப்பார்கள்.

டானெல் இந்த ஊரில் பிறந்தவள்தான். ஆனால் அடிலெய்டில் ஒரு விளம்பர ஆபீசில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டாள். அங்கே தினம் ஒருத்தராவது மேசையைக் கவிழ்த்துப் போட்டு சாவி தேடுவார்கள். அந்த நினைப்பில்தான், விவசாயக் கண்காட்சியில் அப்பாவின் பம்ப் கடை பேர் போட்டு இலவசமாகக் கொடுக்க, நானூறு சாவி தேடும் பட்டன்களை ஆர்டர் செய்துவிட்டாள்.

சட்டைப் பட்டனைவிடப் பெரிது, பிஸ்கட்டைவிடச் சின்னது. பச்சை நிறம். சாவியோடு கோத்துவிட்டு, தொலைந்தால் போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். பக்கத்தில் எங்கே கிடந்தாலும் கீச் கீச்சென்று கத்தும். ஒரு பக்கம் 'நான்கிவெல் பம்ப்' என்று கடையின் பேர். மறுபக்கம் கடையின் போன் நம்பர்.

அப்பா லாய்டுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனதும், ஒரு வருஷம் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து பம்ப், பைப், வால்வு என்று எல்லாம் பழகிவிட்டாள். ஆனால் பெரிய கம்பெனி ஒன்று கடையை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் ஆள் ப்ரைஸ், கண்காட்சிக்கு மறுநாள் காலையில் பதில் கேட்டு வருகிறான். "கண்காட்சி எப்படிப் போகுதுன்னு பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார் லாய்ட். அம்மா ரோண்டாவுக்கு விற்றுவிட்டு டம்பி பே என்கிற கடலோர ஊரில் கடல் தெரிகிற வீட்டுக்குப் போய்விட ஆசை. டானெலுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதற்கு நடுவே போன வாரம் ஒரு கூத்து. மாதிரி காட்டுவதற்காக டானெல் ஒரு டஜன் பட்டன்களுக்கு நம்பர் எழுதி, கடை போனோடு இணைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். டப்பாவோடு காணாமல் போய்விட்டது. கடை முழுக்கப் போனைத் தட்டிக்கொண்டு சுற்றியும் ஒரு கீச்சும் வரவில்லை. தேடுகிற பட்டனையே தொலைத்த கதை ஊரெல்லாம் பரவியிருந்தது.

கண்காட்சி நாள், புதன்கிழமை காலை. தெற்கிலிருந்து காதை வெட்டிப்போகிற குளிர்காற்று. டிராக்டர்களுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நடுவே அவர்கள் ஸ்டால். முதல் ஆளாக நெவில் ஜெரிகோ வந்தார். லாய்டோடு ஒன்றாய்ப் படித்தவர், ஊர்வாய்க்குத் தலைவர்.

"இது என்ன டானெல், மாட்டு மாத்திரையா?"

"சாவி தேடுற பட்டன், நெவ். சாவி தொலைஞ்சுபோச்சுன்னா..."

"என் சாவி வண்டியில இருக்கு."

"இல்ல, ஒருவேளை..."

"வண்டி வெளியில நிக்குது. அதுவும் தொலையல." பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, உன் டப்பா கிடைச்சுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டானெலும் சிரித்து வைத்தாள்.

அடுத்து வந்தவள் பேக்கரிக்கார ஜூன். "இதை என் வீட்டுக்காரருக்கு மாட்டி விடலாமா?"

"அவன் எந்நேரமும் பப்ல இருப்பான்னு ஊருக்கே தெரியும்" என்றார் நெவில். "பட்டன் எதுக்கு வீணா?"

அப்படியே போனது காலை. கையில் வாங்கிப் பார்ப்பார்கள், "எங்க சாவி வண்டியில இருக்கே" என்பார்கள், குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் பத்திரமாய்த் திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். இலவசமாய்க் கொடுத்தும் வேண்டாம் என்று சொல்லப்பட்ட பொருளை அடிலெய்டில் அவள் பார்த்ததே இல்லை.

எதிர் ஸ்டாலில் ப்ரைஸ் கம்பளித் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்தான். நீலத் தொப்பி, நெற்றியில் கம்பெனி பேர். அந்தக் காற்றுக்கு யார் வேண்டாம் என்பார்கள்? பத்து மணிக்குள் மைதானமே நீலமாகிவிட்டது.

சாண்ட்விச் டப்பாவோடு ரோண்டா வந்தாள். அவள் தலையிலும் நீலத் தொப்பி.

"அம்மா."

"காது குளிருது டானெல். தொப்பி தொப்பிதான். யார் குடுத்தா என்ன?"

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த லாய்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருஷாவருஷம் அவர் கொடுத்தது பீர் டப்பாவுக்குப் போடும் ரப்பர் உறை. கடை பேர் போட்ட அந்த உறை இல்லாத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

"சொல்லிடுங்கப்பா" என்றாள் டானெல். "பீர் உறையே போதும்னு நான் அப்பவே சொன்னேன்னு."

"நான் எதுவும் சொல்லலியே."

"சொல்லாம இருக்கிறதுதான் பெரிய சத்தமா கேக்குது."

லாய்ட் சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே பார்த்தார். "பன்றிக்கறி எங்க ரோண்டா?"

"டாக்டர்கிட்டப் போய்க் கேளு. தக்காளியைத் தின்னு."

போகக் கிளம்பின ரோண்டா திரும்பி வந்தாள். "எனக்கு ஒரு பட்டன் குடு."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"குடுக்கத்தானே வெச்சிருக்க. என் போன்ல சேத்து விடு."

டானெல் சேர்த்துக் கொடுத்தாள். ரோண்டா அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். காலையிலிருந்து பட்டன் வாங்கிப் போன ஒரே ஆள், சொந்த அம்மா.

மதியத்துக்குமேல் ப்ரைஸ் நேரிலேயே வந்தான். நல்ல பையன்தான், பூட்ஸ்தான் ரொம்பச் சுத்தம். "நாளைக்குக் காலையில பாப்போம் சார்" என்று லாய்டிடம் கை குலுக்கினான். லாய்ட் எழுந்து நின்று கை கொடுத்தார். வேண்டாத ஆளுக்கு அவர் எழுந்து நிற்கமாட்டார். விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாரு என்று டானெல் நினைத்தாள்.

அந்த நேரம் ஸ்டாலுக்குப் பின்னால் நின்ற அவர்களுடைய ஹைலக்ஸ் வண்டியின் ரேடியோ கரகரத்தது. நெவில்.

"லாய்ட், இருக்கியா? மேட்டுத் தொட்டியிலேர்ந்து வர்ற பைப் வெடிச்சுப்போச்சு. தண்ணி பீச்சுது. தண்ணியை நிறுத்துற கேட் வால்வு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல."

இந்த வருஷம் மழை சரியில்லை. அந்தத் தொட்டித் தண்ணீர் லாரியில் வரவழைத்தது. குட்டி போட்ட ஆடுகள் அத்தனையும் அதைத்தான் நம்பியிருந்தன. வால்வை மூடவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் தொட்டி காலி.

லாய்ட் எழுந்தார்.

"நீ நடக்கக்கூடாது" என்றாள் அப்போதுதான் திரும்பி வந்த ரோண்டா.

"வண்டியிலதான் உக்காந்திருப்பேன்."

"மேடு பள்ளத்துல..."

"நான் ஓட்டுறேம்மா" என்றாள் டானெல். ஸ்டாலை ரோண்டாவிடம் விட்டுவிட்டு, கடை போனை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

நெவிலின் வயல் ஊரைத் தாண்டி மேட்டில். பார்லி முழங்கால் உயரம், கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரே பச்சை. பள்ளத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சிக்கொண்டிருந்தது. நெவிலும் அவர் மகன்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு பார்லிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

டானெல் வண்டியை நிறுத்தி, சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டு இறங்கினாள். லாய்ட் அதைப் பார்த்தார்.

"வேலி ஓரமாத்தானே போட்டோம்" என்று ஒன்றும் தெரியாதவர்போல் ஜன்னல் வழியே கத்தினார். "மூலைக் கம்பத்துக்குப் பக்கத்துல."

"எந்த வேலி?" என்றார் நெவில். "அதைப் பிடுங்கி ரெண்டு வருஷமாச்சு. புது மெஷின் திரும்ப மாட்டேங்குதுன்னு ரெண்டு வயலையும் ஒண்ணாக்கிட்டேன்."

"கம்பம்?"

"கம்பமும்தான்."

"வால்வு எங்கன்னு ஒரு குச்சியாவது நட்டு வெச்சியா?"

"நீதான் இருக்கியே. எதுக்குக் குச்சின்னு விட்டுட்டேன்."

இந்த ஊரில் எல்லாருமே அப்படித்தான். மெஷின் பெரிதாகிறது, வேலி போகிறது, வேலியோரம் இருந்த வால்வு நடு வயலில் மாட்டிக்கொள்கிறது. அது எங்கே என்று கேட்டால் "லாய்டுக்குத் தெரியும்" என்பார்கள்.

லாய்ட் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"கடை போனைத் திற. அந்தக் கத்துற பட்டன் இருக்குல்ல. ஏழாம் நம்பரைத் தட்டு."

"ஏழாம் நம்பர் தொலைஞ்சுபோன டப்பாவுல..." டானெல் நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். லாய்ட் தண்ணீரைப் பார்த்தார்.

"நீங்களாப்பா எடுத்தீங்க?"

"தட்டு."

"ஒரு வாரமா ஊரே என்னைக் கேலி பண்ணுது. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"சாயங்காலம் காத்து வாங்கப் போறேன்னு போவேன்ல. ஒவ்வொரு வயலா போய் வால்வு மூடியில மாட்டிக்கிட்டு வந்தேன். வேலியும் இல்ல, கம்பமும் இல்ல, இந்த வால்வைக் கண்டுபிடிக்க மட்டும் இருட்டுறவரைக்கும் நடந்தேன். நெஞ்சு கொஞ்சம் பிடிச்சுது. உங்கம்மாகிட்ட சொல்லிடாத."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"கடையை வாங்குறவன் இந்த ஊர்க்காரன் இல்ல. அவனுக்கு யார் காட்டிக் குடுப்பா? போனோட குடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

டானெல் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவள் பட்டன், அவள் எழுதின நம்பர், எல்லாம் ப்ரைஸுக்காகவா? அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்லிக்குள் இறங்கினாள்.

"பாத்து மிதி" என்றார் நெவில். "அது என் பார்லி."

"உங்க தண்ணியும்தான் நெவ்."

இணைப்பு இல்லை என்றது போன். மேட்டுப் பக்கம் நடந்தாள். இணைப்பு இல்லை. திரும்பிப் பள்ளத்துப் பக்கமாய்க் குறுக்கே போனாள். ஈரப் பார்லித் தாள்கள் உரசி ஜீன்ஸ் முட்டிவரை நனைந்தது. காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை, போனும் பேசாமல் கிடந்தது. பேட்டரி போயிருக்குமோ, தண்ணி உள்ளே போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிசைக்குத் திரும்பினாள்.

திரையில் பச்சைப் புள்ளி ஒன்று வந்தது. தட்டினாள்.

பார்லிக்குள் எங்கோ, கோழிக்குஞ்சு மாதிரி, கீச் கீச்.

மண்வெட்டியோடு நின்ற மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். டானெல் ஓடினாள். மண்டியிட்டுத் தாள்களை விலக்கினாள். மண் மூடின இரும்பு மூடி. அதன் காதில் பிளாஸ்டிக் நாடாவால் கட்டின பச்சைப் பட்டன், அவள் கையெழுத்தில் ஏழு. மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருகினாள். முதலில் அசையவில்லை. நெவிலின் பெரிய மகன் ஓடிவருவது தெரிந்தது. அவன் வந்து சேர்வதற்குள் சக்கரம் இளகிவிட்டது.

பள்ளத்தில் பீச்சின தண்ணீர் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, மண்ணுக்குள் அடங்கியது.

தூரத்தில் ஒரு குட்டி கத்தியது. அதன் தாய் பதில் சொன்னது.

நெவில் வந்து குனிந்து பட்டனைப் பார்த்தார். கத்துவதை அது இன்னும் நிறுத்தவில்லை. "இதை அமத்தும்மா, காது வலிக்குது" என்றார். அப்புறம், "எத்தனை மிச்சம் வெச்சிருக்க?"

"எல்லாமே மிச்சம்தான். உங்க புண்ணியத்துல."

"என் வீட்டுக்கு ஒரு கை நிறைய எடுத்து வை." அவர் தன் வண்டிக்கு நடந்துபோய் ரேடியோவை எடுத்தார். ஊர் முழுக்கக் கேட்கும் சேனல் அது. "எல்லாரும் கேளுங்க. அந்தப் பச்சைப் பட்டன் சாவிக்கு இல்லையாம். வால்வுக்காம். காலையிலயே தெளிவா சொல்லியிருந்தா நான் ஏன் சிரிக்கப்போறேன்?"

டானெல் வண்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கை முழுக்கச் சேறு. பாக்கெட்டில் சாவியைத் துழாவினாள்.

"இதைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார் லாய்ட்.

"எதை?"

"வந்த நாள்லேர்ந்து நீ சாவியை எடுத்துக்கிட்டுத்தான் எறங்குற. இங்க இருக்கப்போறவ அப்படிச் செய்யமாட்டா. கிளம்பிப் போறவதான் செய்வா."

"அதுக்காகவா கடையை விக்கறதுன்னு முடிவு பண்ணீங்க?"

"வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கேட்டிருக்கலாம்லப்பா."

லாய்ட் கண்ணாடி வழியே பார்லியைப் பார்த்தார். கேட்பது அவருக்கு நெஞ்சு ஆபரேஷனைவிடக் கஷ்டம்.

"சரி, கேக்குறேன். இருக்கப்போறியா?"

"இருக்கேம்ப்பா."

"ஒரு வருஷம்னியே."

"அது அப்ப சொன்னது."

"அப்ப சரி" என்றார் லாய்ட். மூச்சை விட்டு சீட்டில் சாய்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படி முழு மூச்சு விட்டு அவள் பார்க்கவில்லை. "வண்டியை எடு. உங்கம்மா ஒத்தையா அந்தக் கூட்டத்தைச் சமாளிச்சுக்கிட்டிருப்பா."

கூட்டம் நிஜமாகவே இருந்தது. நீலத் தொப்பி போட்ட ஆட்கள் வரிசையில் நின்று பச்சைப் பட்டன் கேட்டார்கள். வால்வுக்கு, போர்வெல் மூடிக்கு, மண்ணுக்குள் போன பைப் மூட்டுக்கு. ஒருத்தர் நாய்க்கு. ஜூன் மட்டும் புருஷனுக்கென்றே வாங்கிப்போனாள். எங்கே மாட்டுவது என்று காட்ட வாரிட்டாவில் பாதி வயலுக்கு வந்தாகவேண்டும் என்று டானெலிடம் நாள் குறித்துக்கொண்டார்கள். "ஏம்மா, பழைய வால்வு கசியுது, வரும்போது புதுசு ஒண்ணு எடுத்துட்டு வா" என்று ஒருவர் ஆரம்பிக்க, பின்னாலேயே நாலு பேர் அதையே சொன்னார்கள். லாய்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்த வயலில் எந்த சைஸ் பைப் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ப்ரைஸ் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கடைசி ஆளும் போனதும் லாய்ட் மெதுவாகச் சொன்னார். "ரோண்டா, நாளைக்கு அந்தப் பையன் வந்தா இல்லைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். டானெல் இங்கயே இருக்காளாம்."

ரோண்டா மேசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை விரலால் ஒருதரம் நீவினாள். மகளிடம் வந்து ஈரக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "நீ இருக்கறது எனக்கு சந்தோஷம் கண்ணு. நிஜமாத்தான் சொல்றேன்."

லாய்டுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ரோண்டா கைப்பையில் கைக்குட்டை தேடினாள். பையிலிருந்து பச்சைப் பட்டன் வெளியே விழுந்தது. அது ஒரு சாவியில் கோத்திருந்தது. புது பித்தளைச் சாவி. வீட்டுச் சாவி அது இல்லை, அந்த வீட்டுக்குச் சாவியே கிடையாது. கடைச் சாவியும் இல்லை.

"எந்தச் சாவிம்மா இது?"

"சும்மா" என்றாள் ரோண்டா. எடுத்துப் பையில் போட்டு ஜிப்பை மூடினாள்.

வீடு வந்ததும் டானெல் ஹைலக்ஸை ஷெட்டில் நிறுத்தி இறங்கினாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்து, கையிலிருந்த சாவியை அதன் ஓட்டையிலேயே செருகினாள். முன்னால் போய்க்கொண்டிருந்த லாய்ட் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் சீட்டியடிப்பது கேட்டது.

மறுநாள் காலை ப்ரைஸ் வந்தான். லாய்ட் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, விற்பதாக இல்லை என்று சொல்லி, கையில் ஒரு பச்சைப் பட்டனைக் கொடுத்து, சாவிக்கு மாட்டிக்கொள்ளச் சொன்னார். ரோண்டா அப்போது வீட்டில் இல்லை. விடிவதற்குள்ளேயே அவள் அந்தப் பித்தளைச் சாவியோடு தன் காரை எடுத்துக்கொண்டு, டம்பி பே ஊரில் கடல் தெரிகிற ஒரு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.